சுமோ மல்லர்களின் வீட்டில் ஒரு காலை: முதல்முறை போகிறவர்களுக்கு

சுமோ பெருந்தொடர் வருடத்துக்கு ஆறு முறைதான் நடக்கிறது. அதிலும் டோக்கியோவில் ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்றே முறை. நீங்கள் போகும் சமயத்தில் போட்டி இல்லாமல் போகலாம். இருந்தால்கூட டிக்கெட் கிடைப்பது கஷ்டம். பரவாயில்லை, வேறு வழி இருக்கிறது. மல்லர்கள் தங்கி, சமைத்து, தூங்கி, பயிற்சி எடுக்கும் இல்லத்துக்கே போய்க் காலைப் பயிற்சியைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், சுமோவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. போட்டியில் ஒரு மோதல் பத்து விநாடியில் முடிந்துவிடும். அந்தப் பத்து விநாடிக்காக ஒரு பையன் தினமும் காலையில் என்ன செய்கிறான் என்பது இங்கேதான் தெரியும்.

ஆனால் இது ஒரு வீடு. நாம் போவது காட்சி பார்க்க அல்ல, ஒருவர் வீட்டில் ஓரமாக உட்கார. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

முதலில், யார் வீட்டுக்குப் போகிறோம்?

ஆங்கிலத்தில் இந்த இல்லத்தைக் குதிரை லாயத்துக்கான சொல்லால் குறிப்பிடுகிறார்கள். ஜப்பானியச் சொல் 'ஹெயா'. அதற்கு அறை என்றுதான் பொருள். தொழில்முறை மல்லர் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு ஹெயாவைச் சேர்ந்தே ஆகவேண்டும். தனியாகப் பயிற்சி எடுத்து வந்து போட்டியிடுவது என்ற பேச்சே இல்லை. ஒருமுறை சேர்ந்தால் விருப்பப்படி மாறவும் முடியாது. அந்த ஹெயா மூடப்பட்டால் இன்னொன்றுக்கு அனுப்புவார்கள். இப்படிச் சுமார் 45 ஹெயாக்களில் ஏறக்குறைய 600 மல்லர்கள் வாழ்கிறார்கள்.

ஹெயாவின் தலைவர் 'ஒயக்கத்தா'. அவரும் ஒரு காலத்தில் மல்லராக இருந்தவர். நினைத்தவர் எல்லாம் ஒயக்கத்தா ஆகிவிட முடியாது. ஜப்பான் சுமோ சங்கத்தில் இதற்கென்று வழிவழியாக வரும் 105 பெயர்கள் உண்டு, அதில் ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும். பையன்களுக்கு அவர் ஆசான், தகப்பன், வீட்டுக்காரர் எல்லாமும். அவருடைய மனைவியை 'ஒகாமிசான்' என்பார்கள். வரவு செலவு, ஆதரவாளர்களுடன் பேச்சு, ஊரிலிருக்கும் பெற்றோருக்குத் தகவல், காய்ச்சலில் கிடப்பவனைக் கவனிப்பது என்று வீட்டின் பாதி அவர் தோளில்தான் இருக்கிறது. பயிற்சி பார்க்கப் போகிறவர்கள் ஒயக்கத்தாவையே பார்த்துவிட்டு வருவார்கள். நீங்கள் ஒகாமிசானுக்கும் ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

மல்லர்களுக்குள் ஆறு படிகள். கீழிருந்து மேலாக ஜொனோகுச்சி, ஜொனிதான், சண்டான்மே, மகுஷிதா, ஜூரியோ, மகுவுச்சி. மேல் இரண்டு படிகளில் இருப்பவர்களுக்கு 'செக்கிதோரி' என்று பெயர். ஜூரியோவில் 28 பேர், மகுவுச்சியில் 42 பேர், ஆக மொத்தம் 70 பேர். இந்த 70 பேருக்குத்தான் மாதச் சம்பளம். 2019-இல் உயர்த்தியபின் ஜூரியோவில் மாதம் 11 லட்சம் யென், உச்சியில் இருக்கும் யோகோசுனாவுக்கு 30 லட்சம். மற்ற ஐந்நூறு சொச்சம் பேருக்குச் சோறும் இடமும் உண்டு, ஒவ்வொரு தொடருக்கும் ஒரு சிறு படித்தொகை உண்டு. சம்பளம் கிடையாது.

பணம் மட்டுமில்லை, வாழ்க்கையே அந்தக் கோட்டில் இரண்டாகப் பிரிகிறது. செக்கிதோரிக்குத் தனி அறை. திருமணம் செய்துகொண்டு வெளியே வீடெடுத்தும் இருக்கலாம். மற்றவர்கள் எல்லோரும் ஒரே பெரிய கூடத்தில் வரிசையாகப் பாய்மெத்தை விரித்துப் படுக்கிறார்கள். செக்கிதோரிக்குக் குளியலும் சாப்பாடும் முதலில். இளையவர்கள் அவருடைய 'சுகேபிட்டோ'வாக, அதாவது உதவியாளர்களாக, பை தூக்கி, முதுகு தேய்த்துவிட்டு, துணி துவைத்துப் போடுகிறார்கள். மகுஷிதாவின் உச்சியில் இருப்பவன் ஒரு தொடரில் நன்றாக ஆடி ஜூரியோவுக்கு ஏறினால், மறுவாரமே அவனுக்கு உதவியாளர்கள் வருகிறார்கள். சறுக்கினால் அத்தனையும் போய்விடும்.

எந்த மாதம், எந்த நாள்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மார்ச்சில் ஒசாகா, ஜூலையில் நகோயா, நவம்பரில் ஃபுக்குவோக்கா என்று மற்ற மூன்று தொடர்கள் வெளியூரில் நடக்கின்றன. அந்த மாதங்களில் வீடே காலியாகிவிடும். மல்லர்கள் மொத்தமாகக் கிளம்பிப்போய் அந்தந்த ஊர்க் கோயில்களிலும் மடங்களிலும் தங்கி, அங்கேயே களம் அமைத்துப் பயிற்சி எடுப்பார்கள். ஏப்ரல், ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் மாதங்களில் நாடு சுற்றிக் காட்சிப் போட்டிகள் இருப்பதால் பெரிய மல்லர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். தொடர் முடிந்தபின் ஒரு வாரம் எல்லோருக்கும் ஓய்வு. தொடர் நடக்கும்போது பயிற்சி இலேசாகத்தான் இருக்கும். பல ஹெயாக்கள் அப்போது வெளியாட்களை விடுவதில்லை.

இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் கிடைக்கும் நல்ல சமயம், டோக்கியோ தொடர்களுக்கு முந்தைய இரண்டு வாரங்கள். புதிய தரவரிசைப் பட்டியலான 'பான்சுகே' வழக்கமாகத் தொடர் தொடங்குவதற்கு 13 நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை வெளியாகும். அன்றிலிருந்து பயிற்சி சூடுபிடிக்கும். மே தொடருக்கு முன்பு போகும்படி நாள் குறித்துக்கொண்டால் குளிரும் இருக்காது.

எங்கே, எப்படி அனுமதி

எந்தத் தொடர்பும் இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. டோக்கியோவின் நிஹோன்பாஷி ஹமாச்சோ பகுதியில் உள்ள அராஷியோ ஹெயாவின் பயிற்சிக்கூடத்துக்குத் தெருப்பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல்கள் உண்டு. நடைபாதையில் நின்று பார்க்கலாம். கட்டணமும் இல்லை, அறிமுகமும் வேண்டாம். ஹமாச்சோ சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அன்று பயிற்சி உண்டா என்று முந்தைய நாளே விசாரித்துவிட்டுப் போங்கள். ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்பது, கண்ணாடியில் தட்டுவது, தெருவில் போகிறவர்களுக்கு இடைஞ்சல் செய்வது கூடாது. அக்கம்பக்கத்தாரின் பொறுமையில்தான் இந்த வசதி நீடிக்கிறது.

உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் மூன்று வழி. ஹெயாவின் ஆதரவாளர் சங்கத்தில் இருக்கும் யாராவது அழைத்துப் போகலாம். ஜப்பானிய மொழி தெரிந்த நண்பர் முந்தைய நாள் தொலைபேசியில் கேட்டுவிட்டு, உங்களோடு கூடவே வரலாம். அல்லது வழிகாட்டியோடு கூடிய சுற்றுலாவில் பணம் கட்டிச் சேரலாம். சில ஹெயாக்கள் ஜப்பானிய மொழி பேசுபவர் கூட இல்லாமல் விடாது. சில, குழுவாக வந்தால் விடாது. சில யாரையுமே விடாது. மறுத்தால் சரி என்று ஒதுங்குவதுதான் முறை. அறிமுகத்தின் பேரில் போகிறீர்கள் என்றால் வெறுங்கையோடு போகவேண்டாம், பழமோ சாக்கே என்ற அரிசி மதுப் புட்டியோ கொண்டுபோவது வழக்கம். சுற்றுலாவில் போனால் அது தேவையில்லை.

முந்தைய இரவு

ஹெயாக்கள் அதிகம் இருப்பது ரியோகோகு நிலையத்தைச் சுற்றித்தான். அங்கேயே அறை எடுத்துத் தங்குங்கள், விடியற்காலையில் ரயிலைத் தேடி ஓடவேண்டாம். இளையவர்கள் ஐந்து, ஆறு மணிக்கே களத்தில் இறங்கிவிடுவார்கள். செக்கிதோரிகள் எட்டு மணி வாக்கில் வருவார்கள். பத்தரைக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

காலணியைக் கழற்ற வேண்டும், ஆகவே ஓட்டையில்லாத காலுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் தரையில் சம்மணமிட்டு உட்காரத் தோதான உடை வேண்டும். குட்டைப் பாவாடையும் இறுக்கமான ஜீன்ஸும் சரிப்படாது. கைபேசியை முழுக்க அடக்கிவிடுங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம். சிறு குழந்தைகளைக் கூட்டிப் போகவேண்டாம், அவர்களுக்கும் கஷ்டம், மற்றவர்களுக்கும் கஷ்டம்.

உள்ளே நுழைந்ததும்

பயிற்சிக்கூடத்தின் தரை மண். நடுவில் 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டம், வைக்கோல் பொதி பாதி புதைந்து அதன் விளிம்பாக நிற்கும். போட்டி மேடைபோல உயர்ந்திருக்காது, தரையோடு தரையாக இருக்கும். சுவரில் உயரத்தில், ஜப்பானின் ஷின்டோ சமயத்துக்குரிய ஒரு சிறு பூசைமாடம். ஒரு மூலையில் மரத்தூண். மண்தரைக்கு ஒரு பக்கமாக உயர்ந்த திண்ணை இருக்கும், ஒயக்கத்தா அதில்தான் அமர்ந்திருப்பார். நம் இடமும் அதே திண்ணையில், அவருக்குப் பின்னாலோ பக்கத்திலோ. தலை குனிந்து வணங்கிவிட்டு, காட்டிய இடத்தில் உட்காருங்கள்.

களத்தை நோக்கிக் காலை நீட்டக்கூடாது. இது முக்கியம், கால் மரத்துப்போனாலும் பக்கவாட்டில் மடக்கிக்கொள்ளுங்கள். பேச்சு கூடாது, தின்பண்டமோ பானமோ கூடாது. தொப்பியைக் கழற்றுங்கள். படம் எடுக்கலாமா என்று முன்பே கேளுங்கள்; எடுக்கலாம் என்றாலும் ஃபிளாஷ் வேண்டாம், எழுந்து நடமாட வேண்டாம். நடுவில் கிளம்பிப்போவதும் மரியாதை இல்லை. கைதட்டல் வேண்டவே வேண்டாம்.

பெண்கள் திண்ணையில் இருந்து தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் களத்து மண்ணை மிதிக்கக் கூடாது என்பது சுமோவின் பழைய விதி. 2018-இல் ஜப்பானின் மைசுரு நகரில் மேடையில் பேசிக்கொண்டிருந்த மேயர் மயங்கி விழுந்தபோது, முதலுதவி செய்ய ஏறிய பெண்களை இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பிறகு சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். விதி மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு அது உடன்பாடில்லை. விருந்தாளியாக அங்கே போகும் காலையில் அதைக் கடைப்பிடிக்கத்தான் வேண்டும்.

என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள

முதலில் பார்க்க வேண்டியது இடுப்புத்துணியின் நிறம். அந்தத் துணிக்கு 'மவாஷி' என்று பெயர். பயிற்சியில் செக்கிதோரிக்கு வெள்ளை, மற்ற எல்லோருக்கும் கறுப்பு. பல மீட்டர் நீளமுள்ள தடித்த துணி அது, அதைத் தனியாகக் கட்டிக்கொள்ள முடியாது. இன்னொருவர் பிடித்து இறுக்க, இவர் சுழன்று சுழன்று கட்டிக்கொள்ள வேண்டும். சுமோவில் காலையின் முதல் வேலையே இன்னொருவர் கை இல்லாமல் நடக்காது.

தொடக்கம் 'ஷிக்கோ'. கால்களை அகட்டி நின்று, ஒரு காலைப் பக்கவாட்டில் உயரத் தூக்கி, தரை அதிர மிதிப்பது. பார்க்கச் சுலபமாகத் தெரியும். அதே வேகத்தில் நூறு, இருநூறு என்று போகும்போது பையன்களின் தொடை நடுங்குவது திண்ணையிலிருந்தே தெரியும். அடுத்தது 'சுரியாஷி', பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் இடுப்பைத் தாழ்த்தி வழுக்கிக்கொண்டே முன்னேறுவது. மூலையில் இருக்கும் மரத்தூணை உள்ளங்கையால் மாறி மாறி அறைவது 'தெப்போ'. கால்களை இரு பக்கமும் விரித்து உட்கார்ந்து, மார்பு தரையில் படும்வரை குனிவது 'மதாவாரி'. நூற்றைம்பது கிலோ உடம்பு அப்படி மடிவதைப் பார்த்தபின், குண்டான ஆட்கள் தள்ளிக்கொள்ளும் விளையாட்டு என்று சுமோவை யாரும் சொல்லமாட்டார்கள்.

பிறகு மோதல். 'மோஷியாய்' என்ற முறையில் வென்றவன் களத்திலேயே நிற்பான். அடுத்து யாரோடு மோதுவது என்று அவனே தேர்ந்தெடுப்பான். ஒரு மோதல் முடிந்த நொடியில் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் 'என்னைக் கூப்பிடு' என்று கத்திக்கொண்டு அவன்மேல் பாய்வார்கள். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு இது குழப்பமாகத் தெரியும். அங்கே வாய்ப்பு என்பது வரிசையில் நின்று கிடைப்பதில்லை, பாய்ந்து பிடிப்பது. வெல்லாதவனுக்கு அன்று பயிற்சியும் குறைவு. ஓரமாகவே நின்றுகொண்டிருக்கும் பையன் ஒருவன் எல்லா ஹெயாவிலும் இருப்பான். அவன் ஒருமுறை கூப்பிடப்படும்போது அவன் முகத்தைக் கவனியுங்கள்.

கடைசியாகப் 'புத்சுகாரி'. மூத்தவர் மார்பைக் காட்டி நிற்க, இளையவன் மோதி அவரைக் களத்தின் மறுகோடிவரை தள்ள வேண்டும். தள்ள முடியாவிட்டால் அவனை உருட்டிவிடுவார். முதுகெல்லாம் மண் ஒட்ட எழுந்து மறுபடி மோத வேண்டும். மூச்சு இரைந்து, கண் செருகி, எழ முடியாமல் கிடப்பவனை மற்றவர்கள் கத்தி எழுப்புவார்கள். பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஆனால் மார்பைக் கொடுப்பவர் அவன் எடை முழுவதையும் தாங்கி நின்று அவனுக்கு வழி காட்டுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். மூத்தவர் மார்பைக் கொடுப்பதைச் சுமோவில் பெரிய உதவியாக நினைக்கிறார்கள். உருட்டப்பட்டவன் தலை குனிந்து 'கொத்சான் தெஸ்' என்பான். நன்றி என்பதற்கு மல்லர்கள் சொல்லும் சொல் அது.

எல்லாம் முடிந்ததும் களத்தைப் பெருக்கி, நடுவில் மண்ணைக் குவித்து, அதன்மேல் வெள்ளைத்தாள் கட்டிய குச்சியைச் செருகி வைப்பார்கள். அதோடு நாம் கிளம்ப வேண்டும்.

நாம் கிளம்பியபின் அந்த வீட்டில்

இதுவரை யாரும் ஒரு வாய் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். பயிற்சிக்கு முன் காலை உணவு கிடையாது. முறை வைத்துச் சமைக்கும் இளையவர்கள் பயிற்சியின் நடுவிலேயே அடுப்படிக்குப் போயிருப்பார்கள். மல்லர்கள் சமைத்துச் சாப்பிடும் எதுவானாலும் அது 'சாங்கோ'தான். நமக்குத் தெரிந்த பெரிய சட்டிக் குழம்பு அதில் ஒரு வகை: கோழி, டோஃபு, சீனக்கோஸ், லீக், காளான் எல்லாம் ஒன்றாக வேகும். தொடர் நாட்களில் கோழிக்கு ஒரு விசேஷம் உண்டு. கோழி இரண்டு காலில் நிற்கிறது. மாடும் பன்றியும் நான்கு காலில் நிற்பவை. கை தரையில் பட்டால் சுமோவில் தோல்வி, அதனால் கோழிதான் ராசி என்று பழைய நம்பிக்கை.

ஒயக்கத்தாவும் விருந்தினரும் செக்கிதோரிகளும் முதலில் உட்காருவார்கள். இளையவர்கள் பரிமாறிக்கொண்டு பின்னால் நிற்பார்கள். கடைசிப் படிக்காரன் உட்காரும்போது சட்டியில் கறி குறைந்திருக்கும். சாப்பிட்டபின் எல்லோருக்கும் பகல் தூக்கம். மாலையில் துப்புரவு, துணி, கடைக்குப் போவது, இராச்சமையல்.

புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதல் ஆறு மாதம் இன்னொரு கடமையும் உண்டு. டோக்கியோ தொடர்கள் நடக்கும் ரியோகோகுவின் கொகுகிகான் அரங்கத்துக்குள் இருக்கும் சுமோ பள்ளிக்குக் காலையில் போகவேண்டும். அங்கே அடிப்படைப் பயிற்சியோடு சுமோ வரலாறும் தூரிகை எழுத்தும்கூடச் சொல்லித்தருகிறார்கள். நிறையப் பேர் ஊரில் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு மார்ச் தொடரில் அறிமுகம் ஆகிறார்கள். வெளிநாட்டவர் என்றால் ஒரு ஹெயாவுக்கு ஒருவர்தான்.

இந்த வாழ்க்கையின் இருட்டையும் தெரிந்துகொண்டு போங்கள். 2007-இல் ஒரு ஹெயாவில் 17 வயதுப் புதுமுகம் அடித்துத் துன்புறுத்தப்பட்டு இறந்தான். அதன் ஒயக்கத்தாவுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. கடும் பயிற்சிக்குச் சுமோவில் வழங்கும் சொல் 'கவாயிகாரி', செல்லம் கொடுப்பது என்று பொருள். அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு ஒளித்து வைத்திருந்தார்கள் என்று அந்தச் சாவு காட்டியது. 2024-இல் மல்லர் ஒருவர் இளையவர்களை அடித்த விவகாரத்தால் மியாகினோ ஹெயா மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் இசேகஹாமா ஹெயாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒன்றாக உண்டு உறங்கும் வீட்டில் அடைக்கலமும் உண்டு, தப்பிக்க இடமில்லாத நிலையும் உண்டு. நான் இந்த வாழ்க்கையை மதிக்கிறேன், ஆனால் அடியைப் பயிற்சி என்று சொல்வதை ஏற்கமாட்டேன்.

மதியம், ரியோகோகு தெருவில்

உடனே அறைக்குத் திரும்பாமல் நடங்கள். கடைக்குப் போகும் மல்லர்களைப் பார்க்கலாம். யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கியும் மரச்செருப்பும் என்றால் அவர் கடைசி இரண்டு படிகளில் இருப்பவர், கடுங்குளிரிலும் அதே உடைதான். தட்டைச் செருப்புப் போடும் உரிமை சண்டான்மேயில் வருகிறது. காற்றில் இனிப்பாக ஒரு வாசனை வந்தால் அது தலைமுடிக்குப் பூசும் 'பிந்சுகே' மெழுகெண்ணெய். பெயரைக் கேட்டாலும் சில சமயம் வீடு தெரிந்துவிடும்: 'கொத்தோ' என்று தொடங்கினால் பெரும்பாலும் சதோகதாக்கே ஹெயா, 'தொச்சி' என்றால் கசுகானோ.

அந்தப் பகுதியில் ஓய்வுபெற்ற மல்லர்கள் நடத்தும் சாங்கோ கடைகள் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: கறி போடவேண்டாம் என்று சொன்னாலும் குழம்பின் அடிநீர் பெரும்பாலும் மீனிலோ கோழியிலோ காய்ச்சியது.

கடைசிப் படி

முடிந்தால், நீங்கள் பயிற்சி பார்த்த ஹெயாவின் இளையவன் ஒருவனுடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பான்சுகே தாளில் அவன் பெயரைத் தேடுங்கள். மேலே பெரிய எழுத்தில் தொடங்கும் பட்டியல் கீழே வரவர மெலிந்து, ஜொனோகுச்சியில் முடிபோல ஆகிவிடும். அந்த வரிசைக்கே 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர் உண்டு. தொடர் நடக்கும் நாளில் கொகுகிகானுக்குக் காலை எட்டரை வாக்கில் போய்விடுங்கள். எல்லோரும் மாலையில்தான் வருவார்கள், பதினோராயிரம் பேர் உட்காரும் அரங்கம் அப்போது காலியாக இருக்கும். கீழ்ப்படி மல்லர்களுக்கு 15 நாளில் 7 மோதல்தான், ஆகவே அவன் அன்று இருக்கிறானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு வென்றால் மேலே ஏறுவான்.

2001 மே மாதம் இதே அரங்கத்தில், இதே காலை நேரத்தில், மங்கோலியாவிலிருந்து வந்த ஒரு பையன் ஜொனோகுச்சியில் முதல் தொடர் ஆடினான். வந்தபோது 62 கிலோதான் இருந்தான், எந்த ஹெயாவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்ப இருந்த கடைசி நேரத்தில் மியாகினோ ஹெயா சேர்த்துக்கொண்டது. அந்தத் தொடரில் மூன்று வென்றான், நான்கு தோற்றான். பின்னாளில் 45 பட்டம் வென்ற ஹக்குஹோ அவன்தான்.

பெயர் கூப்பிடும் ஊழியர் விசிறியை விரித்து உங்கள் பையனின் பெயரை நீட்டிப் பாடும்போது, நீங்களும் ஒருமுறை சத்தமாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பயிற்சிக்கூடத்தில் வாய் திறக்கக்கூடாது. இங்கே திறக்கலாம்.